செப்டம்பர் 3: ஒரு கலண்டர் தாளில் எத்தனை நாட்கள்?

கேட்கப்பட்டது இதுதான்: "நாட்கலண்டரில் செப்டம்பர் 3 தாளைக் கிழித்தேன். பின்பக்கத்தில் 1782 திருகோணமலைக் கடற்சண்டை, 1783 பாரிஸ் ஒப்பந்தம், 1939 பிரித்தானியாவின் போர்ப் பிரகடனம் என்று இருந்தது. இணையத்தில் தேடினால் இன்னும் முப்பது வருகிறது. ஒரே நாளில் இவ்வளவு நடந்ததற்கு ஏதும் காரணம் இருக்கிறதா, இல்லை எல்லாம் தற்செயலா?"

அந்தத் தாளின் பின்பக்கத்தை எழுதியவன் நானாகவும் இருக்கலாம். திருகோணமலையில் ஓர் அச்சகத்தில் பல வருடமாகப் புரூப் பார்க்கிறேன். ஓகஸ்ட் பிறந்தால் எங்களுக்குக் கலண்டர் காலம். நகைக்கடைக்காரர், புடவைக்கடைக்காரர், ஹாட்வெயார்க்காரர் எல்லாரும் அடுத்த வருடத்துக்கு ஓடர் தருவார்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் திகதி, பக்கத்தில் தமிழ் மாதம், ஹிஜ்ரி மாதம், போயா என்றால் அதற்கு ஓர் அடையாளம், கீழே ராகுகாலம், சுபநேரம். பின்பக்கத்தில் நாலு வரி "இன்று வரலாற்றில்". அந்த நாலு வரிக்காக நான் செலவழித்த இரவுகளைக் கணக்கெடுத்தால் மனைவி கோபிப்பாள்.

பெரும்பாலானவை தற்செயல்தான். வருடத்தில் இருப்பது 365 பெட்டி. எழுதிவைத்த வரலாறோ மூவாயிரம் வருடத்துக்கு மேல். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் ஒரு சண்டை, ஓர் ஒப்பந்தம், ஒரு மரணம் இருக்கவே செய்யும். ஆனால் நீங்கள் கேட்ட மூன்றில் முதல் இரண்டுக்கும் உறவு உண்டு, அதுவும் நெருங்கிய உறவு. அதே பட்டியலில் வரும் வேறு சிலவற்றைப் பார்த்தால், அவை அதே நாளே இல்லை. எந்தக் கலண்டரில், எந்த ஊர் மணியில் என்று கேட்டால் பட்டியலில் பாதி கழன்றுவிடும்.

முதலில் எங்கள் ஊர்ச் சண்டை.

1782 தொடங்கும்போது திருகோணமலை ஒல்லாந்தர் கையில். ஜனவரியில் பிரித்தானிய அட்மிரல் எட்வேர்ட் ஹியூஸ் வந்து இன்று பிரெடெரிக் கோட்டை என்று நாம் சொல்லும் கோட்டையையும், உள்துறைமுக வாயிலைக் காவல்காத்த ஓஸ்டன்பேர்க் கோட்டையையும் பிடித்துக்கொண்டார். ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரென் படைகளை இறக்கினார். ஒரு வாரத்துக்குள் இரண்டு கோட்டையும் அவர் கைக்குப் போயின. ஹியூஸ் சென்னைப் பக்கமிருந்து உதவிக்கு ஓடிவந்தார். செப்டம்பர் 3 விடியக் கோட்டையைப் பார்த்தால் அங்கே பறப்பது பிரெஞ்சுக் கொடி. வந்தது இரண்டு மூன்று நாள் பிந்தி.

ஹியூஸிடம் 12 போர்க்கப்பல், சுஃப்ரெனிடம் 14. ஹியூஸ் நின்று அடிக்கவில்லை. அது கச்சான் காற்றுக் காலம். தென்மேற்கிலிருந்து கரையைத் தாண்டிக் கடலை நோக்கி ஊதும் அந்தக் காற்றில், கோணேசர் மலையில் நின்றால் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அந்தக் காற்றோடு காற்றாகத் தென்கிழக்கே, ஆழக்கடல் பக்கம் அவர் விலகிப் போனார். பின்னால் சுஃப்ரென். துரத்தத் துரத்தத் துறைமுகம் தூரமாகிறது. போன வழியே திரும்ப வேண்டுமென்றால் எதிர்காற்று. சுஃப்ரெனின் கப்டன்மார் சிலர் "துறைமுகம் கையில் வந்துவிட்டது, போதும்" என்று சொன்னதாகப் படித்திருக்கிறேன். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பிற்பகலில் சண்டை தொடங்கிய விதமே ஒரு பிழை. வரிசை ஒழுங்காகவில்லை என்று சுஃப்ரென் சைகை காட்டி, கப்டன்மாரின் கவனத்தை இழுக்க ஒரு பீரங்கியை வெடிக்கச் சொன்னார். கீழ்த்தட்டில் இருந்தவர்கள் அதைச் சண்டைக்கான உத்தரவு என்று எண்ணி ஒரு பக்கப் பீரங்கி முழுவதையும் கொளுத்திவிட்டார்கள். மற்றக் கப்பல்கள் அதைப் பார்த்து எட்டாத தூரத்திலிருந்தே சுடத் தொடங்கின. வரிசை குலைந்தபடியே இருக்க, சுஃப்ரெனின் 'எரோ' கப்பலும் கூட இரண்டும் நடுவில் மாட்டிக்கொண்டன. மாலையில் 'எரோ'வின் பெரிய பாய்மரம் கொடியோடு முறிந்து விழுந்தது. கொடி இறங்கியதைக் கண்ட பிரித்தானியர் சரணடைந்துவிட்டார்கள் என்று ஆரவாரம் போட்டார்கள். சுஃப்ரென் மேல்தட்டுக்கு ஓடிவந்து, கொடி கொண்டுவாருங்கள், வெள்ளைக் கொடி, கப்பலைச் சுற்றிக் கட்டுங்கள் என்று கத்தினாராம். இதை ஒருமுறை பின்பக்கத்தில் போட்டு, "வெள்ளைக் கொடி என்றால் சரணடைவதுதானே, பிழையாக அடித்திருக்கிறீர்கள்" என்று மூன்று பேர் தொலைபேசி எடுத்தார்கள். பிழை இல்லை. அரசர் காலத்துப் பிரெஞ்சுக் கடற்படையின் கொடியே வெறும் வெள்ளைதான். மூவர்ணம் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு வந்தது. இதையும் சேர்த்துச் சொல்ல நாலு வரி போதவில்லை.

இருட்டியதும் சண்டை ஓய்ந்தது. பிரெஞ்சுப் பக்கம் 82 பேரும் பிரித்தானியப் பக்கம் 51 பேரும் செத்தார்கள். காயம்பட்டோர் இரு பக்கமும் இருநூற்றைம்பதுக்கு மேல். யாரும் யாருடைய கப்பலையும் பிடிக்கவில்லை. ஆனால் திரும்பி வரும்போது சுஃப்ரெனின் பெரிய கப்பல்களில் ஒன்றான 'ஒரியான்' துறைமுகத்துக்குக் கிட்ட இரவில் பாறையில் ஏறி உடைந்தது. சண்டையில் போகாத கப்பல் வீட்டுவாசலில் போயிற்று.

இவ்வளவு பாடு எதற்கு? ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பினால் சென்னை, நாகப்பட்டினம் கரையில் கப்பல் நிற்க இடம் கிடையாது. எல்லாம் திறந்த கடல். அந்தப் பக்கத்தில் மலைக்குள் ஒளிந்துகிடக்கும் ஆழமான துறைமுகம் எங்களுடையது ஒன்றுதான். அது கைவிட்டுப் போனதால் ஹியூஸ் மாரிகாலத்துக்குக் கப்பல்களைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

இனி 1783. அதே செப்டம்பர் 3, சரியாக ஒரு வருடம் கழித்து. பாரிஸில் அமெரிக்கத் தரப்பில் பெஞ்சமின் பிராங்ளின், ஜோன் அடம்ஸ், ஜோன் ஜே மூவரும் பிரித்தானியாவோடு கையெழுத்திட்டார்கள். அமெரிக்காவின் சுதந்திரம் அங்கீகரிக்கப்பட்ட ஒப்பந்தம் அது. அதே நாள் வெர்சாய் நகரில் பிரான்சும் ஸ்பெயினும் பிரித்தானியாவோடு தனித்தனியே கையெழுத்திட்டன. ஒல்லாந்தர் முதல் நாள், செப்டம்பர் 2, பூர்வாங்க உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். அதன் பலனாகத் திருகோணமலை திரும்ப ஒல்லாந்தருக்கு. நாகப்பட்டினம் பிரித்தானியாவுக்கு.

பள்ளிக்கூடத்தில் இவை இரண்டையும் இரண்டு பாடமாகப் படித்தோம். அமெரிக்கப் புரட்சி ஒரு புத்தகத்தில், ஒல்லாந்தர் காலம் வேறொன்றில். உண்மையில் இரண்டும் ஒரே போர். அமெரிக்கக் குடியேற்றங்கள் கிளர்ந்தபோது பிரான்ஸ் 1778 இல் அவர்கள் பக்கம் சேர்ந்தது. 1780 கடைசியில் பிரித்தானியா ஒல்லாந்தர் மேலும் போர் அறிவித்தது. ஒல்லாந்தர் எதிரி ஆனதால்தான் ஹியூஸ் திருகோணமலைக்கு வந்தார். பிரான்ஸ் எதிரி என்பதால்தான் சுஃப்ரென் வந்தார். பொஸ்டனில் மூண்ட நெருப்பின் ஒரு பொறி கொட்டியாரக் குடாவுக்கு வெளியே விழுந்தது. ஆகவே இந்த இரண்டுக்கும் நடுவில் திகதி ஒத்துப்போனது தற்செயல், தொடர்பு தற்செயல் இல்லை. பாரிஸில் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் எங்கள் சண்டையின் ஆண்டு நிறைவு என்று பார்த்து நாள் குறித்திருக்க மாட்டார்கள்.

இதில் இன்னொரு வேதனை. பிரான்சும் பிரித்தானியாவும் சண்டையை நிறுத்தப் பூர்வாங்கமாகக் கையெழுத்திட்டது 1783 ஜனவரி 20. செய்தி இங்கே வர மாதக்கணக்காகும். ஜூன் 20 அன்று ஹியூஸும் சுஃப்ரெனும் கடலூருக்கு வெளியே ஐந்தாவது தடவையாக மோதினார்கள். ஐந்து மாதத்துக்கு முன்பே முடிந்துபோன போருக்காக ஆட்கள் செத்தார்கள். ஜூன் கடைசியில்தான் சமாதானச் செய்தியோடு கப்பல் வந்தது. "அந்த நாளில் போர் முடிந்தது" என்று நாங்கள் ஒரு வரியில் அடிக்கிறோம். யாருக்கு முடிந்தது என்று கேட்க வேண்டும்.

மற்றவற்றுக்கு வருவோம். செப்டம்பர் 3 இல் மிகவும் பேசப்படுபவர், இங்கிலாந்தில் அரசரை வீழ்த்திவிட்டு நாட்டை ஆண்ட படைத்தலைவர் ஒலிவர் கிரொம்வெல். 1650 இல் ஸ்கொட்லாந்தின் டன்பாரில் வென்றது செப்டம்பர் 3. 1651 இல் வூஸ்டரில் வென்றதும் செப்டம்பர் 3. 1658 இல் செத்ததும் செப்டம்பர் 3. (அந்த 1658 இல்தான் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள்.) கேட்க அதிசயமாக இருக்கும். முதல் இரண்டு வெற்றியும் ஒரே நாளில் அமைந்தது தற்செயல். அதற்குப் பிறகு அதைத் தன் ராசியான நாள் என்று அவரே எண்ணத் தொடங்கினார். 1654 இல் தன் பாராளுமன்றத்தையும் அதே நாளில் கூட்டினார், அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும். நல்லநாள் பார்த்துக் கடை திறப்பவர்களுக்கு நாட்கலண்டர் அடிக்கிற எனக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. பட்டியலில் இப்படி மனிதர் தெரிந்தே வைத்த நாட்களும் கலந்திருக்கும். அவற்றைத் தற்செயலோடு சேர்க்கக் கூடாது. மரணம் மட்டும் அவர் வைத்ததில்லை.

ஆனால் கிரொம்வெலின் செப்டம்பர் 3 எங்கள் செப்டம்பர் 3 இல்லை. இங்கிலாந்து அப்போது பழைய ஜூலியன் கலண்டரில் இருந்தது. புதிய கிரெகரியன் கலண்டரை 1582 இலேயே ஏற்றுக்கொண்ட போர்த்துக்கல், ஸ்பெயின் போன்ற நாடுகளில் அது செப்டம்பர் 13. இங்கிலாந்து மாறியது 1752 இல். அந்த வருடம் செப்டம்பர் 2 புதன்கிழமை படுத்தவர்கள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை எழும்பினார்கள். நடுவில் பதினொரு நாள் சட்டத்தால் அழிக்கப்பட்டது. அதனால் 1752 செப்டம்பர் 3 அன்று லண்டனில் ஒரு பிள்ளை பிறக்கவில்லை, ஒரு சாவு விழவில்லை. அப்படி ஒரு நாளே இருக்கவில்லை. திருகோணமலையில் இருந்தது! இங்கே ஆண்டவர்கள் ஒல்லாந்தர். அவர்களின் கொம்பனி புதிய கலண்டரில்தான் கணக்கு எழுதியது. அன்று இந்தக் கோட்டையில் எவனோ ஓர் எழுத்தர் அந்தத் திகதியை எழுதி மை ஒற்றியிருப்பான். என் பின்பக்க வரிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முதலாளி விளங்காது என்று வெட்டிவிட்டார்.

எங்கள் பக்கக் கணக்கைப் பார்த்தால் சிக்கல் இன்னும் கூடும். என் அம்மம்மா கடிதத்தில் செப்டம்பர் 3 ஐப் "புரட்டாதி 3" என்று எழுதுவா. ஈழத்தில் பழைய ஆட்கள் செப்டம்பரைப் புரட்டாதி என்றும் டிசம்பரை மார்கழி என்றும் சொல்லிப் பழகியவர்கள். சுனாமியையும் இன்னும் பலர் "மார்கழி 26" என்கிறார்கள். பஞ்சாங்கத்தைத் திறந்தால் அதே செப்டம்பர் 3, ஆவணி 17 அல்லது 18. இதில் போதாதற்கு வாக்கிய பஞ்சாங்கம் ஒன்று, திருக்கணித பஞ்சாங்கம் ஒன்று. இரண்டும் கணக்கில் வேறுபடும் என்பதால், சித்திரைப் புத்தாண்டுத் தாளில் மருத்துநீரைத் தலைக்கு வைத்து முழுகும் நேரம் இரண்டு அடிப்போம். "இதில் எதுக்குத் தம்பி தலை முழுகிறது?" என்று வருடா வருடம் யாராவது கடைக்கு வந்து கேட்பார்கள்.

பஞ்சாங்க வருடம் கிரெகரியன் வருடத்தைவிட இருபத்துமூன்று நிமிடம் அளவில் நீளம். அறுபது வருடத்துக்கு ஒரு நாள் விலகும். 1782 சுபகிருது வருடம். அறுபது வருடச் சுற்று நாலு தடவை சுற்றி 2022 இலும் சுபகிருதுதான். அந்த 240 வருடத்தில் நாலு நாள் நகர்ந்துவிட்டது. தமிழ்க் கணக்கில் அந்தச் சண்டைக்கு ஆண்டு நினைவு வைத்தால் இன்று அது செப்டம்பர் 7 அளவில் வரும்.

இந்தக் கணக்கு ஒரு தடவை என்னையே குப்புறத் தள்ளியது. கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்ததை "1622 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள்" என்று பல இடத்திலும் எழுதுவார்கள். நானும் ஏப்ரல் 14 தாளில் அப்படியே அடித்தேன். சில நாள் கழித்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் அந்தத் தாளைச் சட்டைப் பைக்குள் நாலாக மடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். கதிரையில் இருந்து, என் பேனையையே வாங்கி, தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். "தம்பி, புத்தாண்டு இப்ப ஏப்ரல் 14. அறுபது வருசத்துக்கு ஒரு நாள். நானூறு வருசம் பின்னுக்குப் போனால் ஆறு நாளுக்கு மேல குறையும். அப்ப 1622 இல புத்தாண்டு ஏப்ரல் 8 ஐ ஒட்டி வரும். திகதி சரியெண்டால் அது புத்தாண்டு இல்லை. புத்தாண்டு எண்டால் திகதி பிழை." பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். போர்த்துக்கேயர் கலண்டரும் அப்போது கிரெகரியன்தான், அந்தப் பக்கம் தப்பவும் வழியில்லை. கோயில் இடிபட்டதில் சந்தேகமில்லை. அதன் கல்லில் கோட்டை எழும்பியதையும் ஊர் அறியும். யாரோ பிற்காலத்தில், புத்தாண்டு என்றால் ஏப்ரல் 14 தானே என்று இன்றைய கலண்டரைப் பின்னுக்கு ஒட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு நான் "சித்திரைப் புத்தாண்டில்" என்று மட்டும் போடுகிறேன்.

முஸ்லிம் சகோதரர்களின் கணக்கில் செப்டம்பர் 3 என்பதே கேள்வி இல்லை. 1260 இல் பாலஸ்தீனத்து ஐன் ஜாலூத்தில் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் படை மொங்கோலியரைத் தடுத்து நிறுத்திய நாளை இணையப் பட்டியல்கள் செப்டம்பர் 3 என்கின்றன. எங்கள் அச்சகத்தில் மெஷின் ஓட்டும் கிண்ணியாத் தம்பிக்கு அது ஹிஜ்ரி 658 றமழான் 25. அது வருடத்துக்கு வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். செப்டம்பர்த் தாளில் ஆணியடித்து வைக்க முடியாது.

1939 இல் கலண்டர்ச் சிக்கல் தீர்ந்துவிட்டது, மணிச் சிக்கல் இருக்கிறது. லண்டனில் ஞாயிறு காலை 11.15 க்கு பிரித்தானியப் பிரதமர் சேம்பர்லின் வானொலியில் போரை அறிவித்தபோது இங்கே பிற்பகல் 3.45. பிரான்ஸ் அன்று மாலை சேர்ந்தது. அந்த அறிவிப்பு 1942 ஏப்ரல் 9 காலையில் எங்கள் தலைக்கு மேல் வந்து நின்றது. ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் அடித்தன. மட்டக்களப்புக்கு வெளியே பிரித்தானியரின் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் 307 பேரோடு மூழ்கியது. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று நாள்கணக்காக எரிந்ததை ஊரில் இன்னும் சொல்வார்கள். இன்று அங்கே மிஞ்சியிருப்பவை 99 தாங்கிகள். அதே ஏப்ரல் 9 அன்றுதான் பிலிப்பைன்ஸில் பட்டான் முனை ஜப்பானியரிடம் விழுந்தது. இது வேறு தாளுக்குரிய கதை, ஆனாலும் தற்செயல் என்று தள்ள முடியாத இன்னொரு சோடி. இரண்டுக்கும் பின்னால் ஒரே படையெடுப்பு.

1976 இல் அமெரிக்காவின் வைக்கிங் 2 விண்கலம் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியதையும் செப்டம்பர் 3 என்று போடுகிறார்கள். கிரீனிச் நேரப்படி அப்போது இரவு பத்தரை தாண்டிவிட்டது. இங்கே செப்டம்பர் 4 விடியப்புறம், உள்துறைமுகத்தில் வள்ளங்கள் கிளம்பும் நேரம். ஒரு கால் கல்லில் ஏறிவிட்டதால் அந்த விண்கலம் எட்டுப் பாகை அளவில் சரிந்தபடியே வேலை செய்தது. எங்கள் மணியும் லேசுப்பட்டதில்லை: 1996 இல் முன்னுக்குத் தள்ளி, 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்கு வந்தது.

1967 இல் சுவீடன் ஒரே விடியற்காலையில் வீதியில் வாகனங்களின் இடப்பக்க ஓட்டத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது, அவ்வளவுதான். 1971 இல் கட்டார் பிரித்தானியப் பாதுகாப்பிலிருந்து விடுபட்டது. இதைத் தாளில் போட்டபோது, தோஹாவில் பல வருடம் வேலைசெய்து வந்த மூதூர்ப் பொடியன் ஒருவன், "அண்ணை, அங்க லீவு டிசம்பர் 18 எல்லோ" என்றான். அவன் சொன்னதும் சரி. சுதந்திர நாள் செப்டம்பர் 3, ஆனால் 2007 முதல் தேசிய நாளை அவர்கள் டிசம்பர் 18 க்கு மாற்றிவிட்டார்கள். நாளை மாற்றி வைக்கவும் மனிதரால் முடிகிறது.

அடுத்த வருடத்துச் செப்டம்பர் 3 தாளுக்கு நேற்றுத்தான் எழுதிக் கொடுத்தேன். "1782: திருகோணமலைக்கு வெளியே பிரெஞ்சு, பிரித்தானியக் கப்பல்கள் மோதின. 1783: அதே போரை முடிக்கும் ஒப்பந்தங்கள் பாரிஸிலும் வெர்சாயிலும் கையெழுத்தாகின." கிரொம்வெலை எடுத்துவிட்டேன். இரண்டு வரி மிச்சம் இருந்தது. 1752 ஐத் திரும்பவும் போட்டுப் பார்த்திருக்கிறேன். முதலாளி இன்னும் புரூப் பார்க்கவில்லை.